கூரை விசிறி ஓடியும் கேம்பர் டிரெய்லரில் அனலா?

கேள்வி: கேம்பர் டிரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) ஜன்னலுக்குத் திரை போட்டு, கூரை விசிறியை ஓடவிட்டும் மதியம் உள்ளே இருக்க முடியவில்லை. ஏன்?

பதில்: திரை உள்பக்கம் இருப்பதுதான் சிக்கல். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுடவைக்கிறது; அந்தச் சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. நிழல்வலையை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். கூரைக்கு மேலும் ஒன்று, 15 செ.மீ. இடைவெளி விட்டு. தொட்டுக்கொண்டிருந்தால் வலையின் சூடு தகட்டில் இறங்கிவிடும்.

விசிறி காற்றை வெளியே தள்ளட்டும். அதற்குத் தூரத்தில், நிழல் பக்கம் ஒரே ஒரு ஜன்னலைத் திறங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: விசிறியை ஒட்டிய ஜன்னல் திறந்திருந்தால் காற்று குறுக்கே போய்விடும், படுக்கைப் பக்கம் அசைவே இருக்காது.

வலை கட்டும்போது, கேஸில் (எரிவாயுவில்) ஓடும் ஃபிரிட்ஜின் வெளிப்புறக் காற்றுத் துளைகளை மட்டும் தயவுசெய்து மூடிவிடாதீர்கள்.