பர்ச்சேஸில் இருப்பவர் கேட்டகரி மேனேஜ்மென்ட் பயிற்சிக்குச் சொந்தப் பணம் போடலாமா?

‘நாலு வருஷமாக பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போடுவதும் ஃபாலோ-அப் செய்வதும்தான் வேலை, ஸ்ட்ராட்டஜிக் சோர்சிங் படித்தால் மேலே போகலாம் என்கிறார்கள், நிஜமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கும் பொருட்களை வகை வகையாகப் பிரித்து, எதை யாரிடம் எப்படி வாங்குவது என்று திட்டமிடுவதைத்தான் கேட்டகரி மேனேஜ்மென்ட், ஸ்ட்ராட்டஜிக் சோர்சிங் என்கிறார்கள். சம்பளம் நாற்பதாயிரத்தைத் தாண்டவில்லை, மேனேஜர் போன வாரம்தான் ‘சேவிங்ஸ் எங்கே’ (வாங்கும் விலையில் எவ்வளவு மிச்சம் பிடித்தாய்) என்று கேட்டார் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும்.

படிக்கலாம். ஆனால் நான் படித்துவிட்டு வந்து செய்த காரியத்தை முதலில் கேளுங்கள்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். 2018-இல் கம்பெனி செலவில் இரண்டு நாள் பயிற்சி, ஹோட்டல் சாப்பாட்டோடு. முதல் நாள் பாடம் சம்பளத்துக்கே வழி காட்டியது. சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வைண்டிங் ஒயர் வாங்குகிறோம். அதுவரை கிலோ விலையை மொத்தமாக வைத்து மணிக்கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். காப்பர் விலை லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்சைப் பார்த்து ஏறி இறங்குகிறது, அதை நானும் குறைக்க முடியாது, ஒயர்காரரும் குறைக்க முடியாது. பேச வேண்டியது கம்பி இழுத்து இன்சுலேஷன் போடும் கன்வர்ஷன் சார்ஜை மட்டும்தான். இதைப் பிரித்துப் பேசக் கற்றதே அந்த இரண்டு நாளுக்குப் போதும்.

நான் அதோடு நிற்கவில்லை. இரண்டாம் நாள் பீட்டர் க்ரால்ஜிக் என்ற ஆலோசகரின் கட்டங்கள் வந்தன. 1983-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் அவர் எழுதியது. ஒரு பக்கம் அந்தப் பொருள் லாபத்தை எவ்வளவு பாதிக்கும், இன்னொரு பக்கம் அது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு. இப்படி நாலு கட்டம்: ஸ்ட்ராட்டஜிக் (இரண்டுமே அதிகம்), லெவரேஜ் (லாபத்தில் பாதிப்பு அதிகம், ஆபத்து குறைவு), பாட்டில்நெக் (லாபத்தில் பாதிப்பு குறைவு, ஆபத்து அதிகம்), நான்-கிரிட்டிக்கல் (இரண்டுமே குறைவு). திங்கட்கிழமை ஆபீஸ் வந்ததும் எல்லா ஐட்டத்தையும் எக்செல்லில் போட்டு, வருஷச் செலவை வைத்து வரிசைப்படுத்தி, அடியில் கிடந்ததை எல்லாம் நான்-கிரிட்டிக்கலில் தள்ளினேன். இரண்டு அச்சு உள்ள படத்தில் நான் பார்த்தது ஒரே அச்சு.

அடியில் கிடந்ததில் ஒன்று சாண்ட் கார்டு. மோட்டார் ஷாஃப்ட்டின் மேல் இறுக்கமாக உட்கார்ந்து, மணல் உள்ளே போகாமல் தடுக்கும் சின்ன ரப்பர். சில ரூபாய்தான் விலை. கோவை கணபதி பகுதியில் ஒரு அண்ணன், ஒரே ஒரு மோல்டிங் பிரஸ், பல வருஷமாக எங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ரிவர்ஸ் ஆக்ஷன் வைத்தேன், சப்ளையர்கள் ஆன்லைனில் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் ஏலம். அவருக்கு அதில் லாகின் செய்யவே தெரியவில்லை, மகன் வந்து செய்து கொடுத்தான். 40 பைசா வித்தியாசத்தில் வேறொருவர் ஜெயித்தார். வருஷத்துக்கு 60,000 பீஸ், 24,000 ரூபாய் சேவிங்ஸ். பிரசன்டேஷனில் பச்சை நிறத்தில் போட்டேன். எனக்குக் கைதட்டல்கூட வந்தது.

ஏப்ரலில், சீசன் உச்சத்தில், டீலர்களிடமிருந்து மோட்டார்கள் திரும்பி வரத் தொடங்கின. பிரித்துப் பார்த்தால் உள்ளே மணல், தேய்ந்த பேரிங். ரப்பர் டிராயிங் படிதான் இருந்தது. அளவு சரி, ஹார்ட்னஸ் சரி. ஆனால் மோட்டார் சூட்டில் சில வாரம் இருந்ததும் உள்வட்டம் தளர்ந்து ஷாஃப்ட்டில் பிடிப்பு விட்டுவிட்டது. விசாரித்ததில் தெரிந்தது இது: பிரஸ்ஸிலிருந்து எடுத்த பிறகு அண்ணன் எல்லாவற்றையும் ஓவனில் வைத்து இன்னொரு முறை வேகவைப்பாராம். டிராயிங்கில் அப்படி ஒரு வரி இல்லை. யாரும் சொல்லாமல் அவராகச் செய்துகொண்டிருந்தது. புது ஆள் டிராயிங்கில் இருந்ததைக் கொடுத்தார், அவர்மேல் என்ன தப்பு?

வாரன்டி செலவு எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், எங்கள் ஆட்கள் யாராவது படிப்பார்கள். 24,000-த்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அண்ணனிடம் போனேன். “வாங்க தம்பி, டீ சாப்பிடுங்க” என்றாரே தவிர, பிரஸ்ஸில் வேறு கம்பெனியின் வேலை ஏறியிருந்தது. மூன்று வாரம் காத்திருந்தோம். ரேட்டை ஏற்றுவார் என்று நினைத்தேன். “ரேட்டு பழையதே போடுங்க. பணம் மட்டும் சொன்ன தேதிக்கு வரணும்” என்றார். அப்போது நாங்கள் 110 நாள் இழுத்துக்கொண்டிருந்தோம். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது என்பது 2006-ஆம் வருஷச் சட்டம். 2024 ஏப்ரலில் வருமான வரியில் கை வைத்த பிறகுதான், அதாவது கெடு தாண்டி வருஷக் கடைசியிலும் பாக்கி நிற்கும் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்றான பிறகுதான், எங்கள் அக்கவுன்ட்ஸுக்கு ‘உத்யம்’ (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) என்ற சொல்லே காதில் விழுந்தது.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பர்ச்சேஸ் என்றாலே ‘கமிஷன் நல்லா வருமே’ என்கிற சிரிப்பு இருக்கிறதே, எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் வரை சிரித்தார்கள். தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பாக்ஸைக்கூட ரிசப்ஷனில் வைத்துவிட்டு வருகிறவன் நான். சேல்ஸில் இருப்பவனிடம் யாராவது இப்படிக் கேட்கிறார்களா?

சரி, ‘பயிற்சியே வேண்டாம் என்கிறாயா’ என்று கமெண்டில் வருபவர்களுக்கு: இல்லை. பாடம் சரியாகத்தான் இருந்தது, பாதியைத்தான் நான் கேட்டேன். சாண்ட் கார்டு பாட்டில்நெக் கட்டத்தில் இருக்க வேண்டியது என்று க்ரால்ஜிக்கே சொல்லியிருப்பார். பெரிய கம்பெனியில் இதற்கெல்லாம் தனி டீம் உண்டு என்றால் சந்தோஷம், எனக்கு இல்லை.

உங்களுக்கு: வெளிநாட்டு வேலையோ பன்னாட்டு நிறுவனமோ இலக்கு என்றால் சிப்ஸ், அதாவது சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ப்ரொக்யூர்மென்ட் அண்ட் சப்ளை (CIPS) நடத்தும் படிப்பைப் பாருங்கள் (என் மனைவி நேந்திரங்காயா என்றாள்). பிரிட்டன் படிப்பு, லெவல் 6 முடித்து மூன்று வருஷ அனுபவமும் இருந்தால் பெயருக்குப் பின்னால் எம்சிப்ஸ் போடலாம், கட்டணம் பவுண்டில். உள்ளூரிலேயே வளர வேண்டுமென்றால் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட்டின் டிப்ளமா போதும். கம்பெனி பாதி கொடுக்குமா என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். அப்புறம், சேருவதற்கு முன் உங்கள் லிஸ்ட்டில் மிக மலிவான பத்து ஐட்டங்களின் சப்ளையர் ஷெட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

எங்கள் டிராயிங்கில் இப்போது அந்த இரண்டாவது வேகவைப்பு ஒரு வரியாக இருக்கிறது, எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று. எழுதிக் கொடுத்தவர் அண்ணன்தான். அவருடைய போன மாதப் பில் இன்று 41-ஆவது நாள். நாளைக் காலை அக்கவுன்ட்ஸ் மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டும்.