எதிர்ப்பு ரகத்தில் புகையான் வந்தது ஏன்?

கேள்வி: புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சியைத் தாங்கும் என்று சொல்லப்பட்ட நெல் ரகத்தைச் சில ஆண்டுகளாகப் பயிரிட்டு வருகிறேன். முதலில் பூச்சி அண்டவே இல்லை. இந்தப் பருவத்தில் வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்து கிடக்கிறது. சொந்த விதையையே திரும்பத் திரும்ப விதைத்ததால் எதிர்ப்புத் திறன் போய்விட்டதா? புது விதை வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: விதையின் மேல் பழி போடாதீர்கள். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். கலப்பு மிகக் குறைவு. வேறு ரகம் கலந்திருந்தால் உயரத்திலும் பூக்கும் நாளிலும் வித்தியாசம் தெரிந்திருக்கும். எதிர்ப்பைத் தரும் மரபணு உங்கள் பயிரில் அப்படியே இருக்கிறது. மாறியது புகையான். அதனால் அதே ரகத்தில் புது விதை வாங்குவது வீண் செலவு.

புகையான் தூரின் அடியில் உட்கார்ந்து, இலையுறைக்குள் ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சும். அப்போது அதன் எச்சிலும் பயிருக்குள் போகிறது. உதாரணமாக, பிபிஎச்14 என்ற மரபணு உள்ள பயிர், அந்த எச்சிலில் உள்ள ஒரு புரதத்தை அடையாளம் கண்டு சாறு ஓடும் குழாய்களை அடைக்கத் தொடங்கும். பூச்சி பட்டினி கிடக்கும். ஆனால் கூட்டத்தில் எல்லாப் பூச்சியும் ஒன்றுபோல் இல்லை. ஏதோ ஒரு வகையில் இந்தத் தடுப்பைத் தாண்டிவிடுகிற சில இருக்கும். மற்றவை குறைய, இவை மட்டும் வயிறு நிறையத் தின்று முட்டையிடும். முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக ஒரு மாதம்கூட ஆகாது. ஒரே பயிர்க்காலத்தில் சில தலைமுறைகள் கடந்துவிடும். சுற்றிலும் எல்லோரும் அதே மரபணு உள்ள ரகத்தையே போட்டால், தாண்டத் தெரிந்த கூட்டம் பெருகுவதற்கு நாமே வழி விட்டதாகிவிடும். நீண்ட இறக்கை உள்ளவை பறந்து வருவதால், உங்கள் வயலில் மட்டும் ரகத்தை மாற்றினாலும் முழுப் பலன் இருக்காது.

இப்படி நடப்பது புதிதல்ல. 1973-ல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஐஆர்26, பிபிஎச்1 என்ற மரபணுவோடு வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அதைத் தாக்கும் புகையான் பெருகிவிட்டது. 1976-ல் வேறொரு மரபணுவோடு ஐஆர்36 வந்தது. சில ஆண்டுகளில் அதையும் தாக்கும் கூட்டம் சில இடங்களில் தலைகாட்டியது. அவன் தடுக்கில் பாய்ந்தால் இவன் கோலத்தில் பாய்வான் என்பார்களே, அதுதான். 1985-ல் வெளியான ஐஆர்64 கதை வேறு. அதிலும் இருந்தது அதே பிபிஎச்1தான். கூடவே சிறு சிறு பலன் தரும் மரபணுக்கள் பல இருந்ததால் அது அதிக காலம் தாங்கியது. இன்றும் பலர் முழுமையாகத் தடுக்கும் ரகத்தையே தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், பூச்சியைக் கொஞ்சம் உட்காரவிட்டு, பெருக விடாமல் வைக்கிற ரகம்தான் நம்பகமானது. அதில் தாண்டத் தெரிந்த பூச்சிக்குக் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் சிறியது.

காட்டு நெல்லில் செடியும் பூச்சியும் சேர்ந்தே மாறிக்கொண்டிருக்கும்; பூச்சி ஒன்று கண்டுபிடித்தால் செடிகளில் தாங்குபவை மிஞ்சும். நம் வயலில் ஒரே விதையைத் திரும்பத் திரும்ப விதைப்பதால் பயிர் மாறாமல் நிற்கிறது, பூச்சி மட்டும் ஓடுகிறது. பயிரின் பங்கை விதை ஆராய்ச்சியாளர்தான் செய்தாக வேண்டும். நான் மேலே சொன்ன பிபிஎச்14 காட்டு நெல்லிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

மருந்துக்கும் இதே கதி. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து பல நாடுகளில் வேலை செய்யாமல் போனது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி போன்ற, புகையானைத் தின்று நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று, புகையானை மேலும் பெருக்கும். 1986-ல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததே இந்தக் காரணத்தால்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? தூரைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது ஒரு கிளைத்தண்டுக்கு, ஒரு புகையானும், குத்துக்கு (பல தூர்கள் சேர்ந்த கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டும் வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால், முதலில் தண்ணீரை வடித்து வயலைச் சில நாள் காயவிடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். மருந்து தேவைப்பட்டால், புகையானுக்கென்றே பரிந்துரைக்கப்பட்டதாக, சென்ற முறை அடித்த பிரிவைச் சேராததாகப் பார்த்து, தூரின் அடியில் படும்படி அடியுங்கள். மேலே தெளித்தால் இலைதான் நனையும். முழுதாகக் காய்ந்துபோன வட்டங்களில் மருந்தைக் கொட்டிப் பயனில்லை, அவற்றின் ஓரத்தைக் காப்பாற்றுங்கள்.

அடுத்த பருவத்துக்கு வேறு மரபணுவை ஆதாரமாகக் கொண்ட ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பெயர் வேறாக இருந்தால் போதாது. இரண்டு ரகங்களுக்கும் எதிர்ப்பு ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கக்கூடும். விதை தரும் வேளாண் அலுவலரிடம் பெற்றோர் ரகம் எது என்று விசாரியுங்கள். முடிந்தால் பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஆளுக்கொரு ரகமாகப் போடுங்கள். நடும்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டால் காற்றும் வெயிலும் தூருக்குள் போகும், எண்ணிப் பார்க்க இறங்கவும் வசதி.