ஜெர்மனியில் நொய்ஷ்வான்ஸ்டைன் தவிர, காட்டுக்குள் இருக்கும் பழைய கோட்டைகளைப் பார்க்க எங்கே போகலாம்? இரண்டு நாள் போதுமா?

இரண்டு நாள் போதும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு கோட்டைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது கோட்டையில் கால் மட்டும்தான் நடக்கும், கண் எதையும் பார்க்காது.

போக வேண்டிய இடம் ஃபெல்ட்சர்வால்ட். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி சுமார் 1,800 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் காடு. நான் மன்ஹைமில் இருக்கிறேன். ரைன் ஆற்றைத் தாண்டி மேற்கே பார்த்தால் நீலமாக ஒரு மலைவிளிம்பு தெரியும், காடு அங்கேதான் தொடங்குகிறது. இங்கே வந்த முதல் வருடம் அதை வெறும் மலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில் நாளில் அந்த விளிம்பில் ஏறி நின்றால்தான், திரும்புகிற பக்கமெல்லாம் ஏதாவது ஒரு குன்றின் தலையில் உடைந்த சுவர் ஒன்று நிற்பது தெரிகிறது.

ஏன் இவ்வளவு கோட்டைகள்? பாதிக் காரணம் கல். இது சுமார் 25 கோடி வருடப் பழமையான செம்மணற்கல். மென்மையான அடுக்குகளை மழையும் காற்றும் அரித்துவிட, கடினமான அடுக்குகள் சுவர்போல, தூண்போல நின்றுவிட்டன. ஹின்டர்வைடன்டால் ஊரில் ‘பிசாசின் மேசை’ என்றொரு பாறை இருக்கிறது. காளான் மாதிரி ஒல்லிக் கால்மேல் பெரிய பலகை. எந்தச் சிற்பியும் செய்ததில்லை. இப்படி நாலு பக்கமும் செங்குத்தாக நிற்கும் பாறையைப் பார்த்த 12, 13-ஆம் நூற்றாண்டுப் பிரபுக்கள், இயற்கையே மதில் கட்டிக் கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். உளியால் குடைய முடிகிற கல் என்பதால் படிக்கட்டு, நிலவறை, மழைநீர்த் தொட்டி எல்லாவற்றையும் பாறைக்குள்ளேயே வெட்டினார்கள். மேலே கட்டியதெல்லாம் விழுந்த பிறகும் குடைந்தது அப்படியே இருக்கிறது. மீதிப் பாதிக் காரணம் அரசியல். புனித ரோமப் பேரரசு என்ற பெயரில் அப்போது ஜெர்மனியை ஆண்ட ஸ்டாஃபர் வம்சப் பேரரசர்களுக்கு இது இதயப் பகுதி. அதைக் காக்க அவர்களுடைய ஆட்கள் குன்றுக்கொன்றாக உட்கார்ந்துகொண்டார்கள்.

கிளம்பும் முன் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வழிகாட்டிப் பலகையில் ‘புர்க்’ என்றால் போருக்கான கோட்டை, ‘ஷ்லோஸ்’ என்றால் பெரும்பாலும் வாழ்வதற்கான அரண்மனை. ‘ரூயினெ’ என்று சேர்ந்து வந்தால் இடிபாடு. எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் இதைக் கேட்டுச் சிரித்தார். “இடிஞ்ச சுவரப் பாக்கவா மாப்ள இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?” அதனால் அவருக்காக முதலில் முழுசாக நிற்கும் ட்ரிஃபெல்ஸுக்குப் போனோம்.

ட்ரிஃபெல்ஸ் அன்வைலர் ஊருக்கு மேலே, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாண்டாவிலிருந்து ரயில் உண்டு. ஊரிலிருந்து காட்டுப் பாதையில் ஏற ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புனித ரோமப் பேரரசின் மணிமுடியையும் செங்கோலையும் பல ஆண்டுகள் வைத்துக் காத்த கோட்டை இது. இன்று அங்கே பார்ப்பவை நகல்கள், அசல் வியன்னாவில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் வருவது ஒரு கைதிக்காக. இங்கிலாந்து அரசன் ‘சிங்க நெஞ்சன்’ ரிச்சர்ட் சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில், 1192 டிசம்பரில் வியன்னா அருகே ஆஸ்திரிய டியூக்கிடம் மாட்டிக்கொண்டான். அவன் பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷிடம் ஒப்படைக்கப்பட்டு, 1193 வசந்த காலத்தில் கொஞ்ச நாள் இங்கே அடைபட்டிருந்தான். பாணன் ஒருவன் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய் அரசனைக் கண்டுபிடித்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதைதான், ஆனால் கதை மட்டும்தான். பிணைத்தொகை நிஜம். முதலில் கேட்டதே ஒரு லட்சம் மார்க் வெள்ளி. மார்க் என்பது அன்றைய எடை அளவு, கொலோன் நகரத்து எடைக் கணக்கில் சுமார் 23 டன். கைக்கு வந்த பணத்தை வைத்து ஹைன்ரிஷ் 1194-இல் சிசிலி மேல் படையெடுத்து அதைப் பிடித்தும்விட்டார்.

கம்பீரமான அந்த மண்டபத்தில் நின்று மாமனார் தூணைத் தட்டிப் பார்த்தார். “இதுல்ல கோட்டை!” என்றார். அப்போதுதான் நான் தகவல் பலகையைப் படித்து முடித்திருந்தேன். 1602-இல் இடி விழுந்து எரிந்த பிறகு ட்ரிஃபெல்ஸ் நூற்றாண்டுக் கணக்கில் இடிபாடாகவே கிடந்திருக்கிறது. நாங்கள் நின்ற மண்டபம் 1938-இல், நாஜி ஆட்சியில் தொடங்கிய கட்டுமானம். பழைய கட்டடம் எப்படி இருந்தது என்பதைப் பற்றி அவர்கள் ரொம்பக் கவலைப்படவில்லை. தெற்கு இத்தாலியில் இருக்கும் ஸ்டாஃபர் கோட்டைகளின் சாயலில், பேரரசுப் பெருமைக்கு ஒரு புனிதத் தலம் மாதிரி எழுப்பினார்கள். நடுக் கோபுரத்தின் கீழ்ப் பகுதியும், அதிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் சின்னத் தேவாலய மாடமும்தான் உண்மையான ஸ்டாஃபர் காலத்து வேலை. முகம் புடைத்த கற்களைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பல கற்களில் தூக்கும் இடுக்கி பிடிக்க வெட்டிய குழிகூட இருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். முழுசாக நிற்கும் கோட்டையைக் கண்டால் முதலில் “எப்போ கட்டினது?” என்று கேட்போம். நீங்கள் குறிப்பிட்ட நொய்ஷ்வான்ஸ்டைனே 1869-இல் தொடங்கியதுதான், சென்னை சேப்பாக்கம் மாளிகையைவிட வயது குறைவு. இதனால் அதைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்டது பழைய கோட்டை என்பதால் சொல்கிறேன்.

இரண்டாம் நாளுக்கு டான் ஊர்ப் பக்கம் போங்கள். அல்ட்டான், கிராஃபன்டான், டான்ஷ்டைன் என்று மூன்று கோட்டைகள் ஒரே பாறை முதுகில் வரிசையாக இருக்கின்றன, ஒரே இடம் என்பதால் நம் கணக்கில் ஒன்றுதான். கூரை என்று எதுவுமில்லை. பாறையில் வெட்டிய படிகள் நடுவில் குழிந்து கிடக்கும், எத்தனை தலைமுறை மிதித்ததோ. சுவரில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருக்கும். தளத்தைத் தாங்கிய உத்தரங்கள் செருகியிருந்த இடங்கள் அவை. அதைப் புரிந்துகொண்டவுடன் மாடி மாடியாக வீடு கண்ணில் எழுந்துவிடும். இடிந்த சுவரைக் கேலி செய்த மாமனார் இங்கேதான் ஒன்றரை மணி நேரம் சுற்றினார். ஊரில் கொத்தனார் வேலையை மேற்பார்த்தவர். எந்தச் சுவர் முதலில் வந்தது, எது பிறகு ஒட்டவைத்தது என்று காட்டிக்கொண்டே போனார். ட்ரிஃபெல்ஸில் அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்.

இவை தானாக விழுந்தவையும் அல்ல. 1525 விவசாயிகள் கலகம், முப்பதாண்டுப் போர், அப்புறம் 1680-களில் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் படைகள் என்று ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் உடைத்திருக்கிறது. மிச்சத்தைப் பக்கத்துக் கிராமத்தார் வீடு கட்ட எடுத்துப் போனார்கள்.

குழந்தைகள் கூட இருந்தால் டானுக்குத் தெற்கே பெர்வார்ட்ஸ்டைன். அதுவும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருப்பிக் கட்டியதுதான், ஆனால் கதை அபாரம். 1480 வாக்கில் இங்கே ஹான்ஸ் ஃபான் ட்ரோத்தா என்ற வீரர் இருந்தார். பக்கத்து வைஸன்பர்க் மடத்தின் தலைவரோடு அவருக்குத் தீராத சண்டை. ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டிக் கீழேயிருந்த ஊரைக் காயப்போட்டார். மடத்தலைவர் முறையிட்டதும் “சரி” என்று அணையை ஒரேயடியாக உடைத்துவிட்டார். ஊர் வெள்ளத்தில் மிதந்தது. பேரரசரும் போப்பும் தண்டித்தும் மனிதர் அசையவில்லை. 1503-இல் செத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் அல்சாஸில் இன்றும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘ஹான்ஸ் ட்ராப்’ என்று கறுப்பு அங்கி போட்டு ஒருவர் வந்து சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளை மிரட்டுவார். அவர் இவர்தான். பூச்சாண்டியாகிப்போன நிஜ மனிதர்.

நடக்கத் தெம்பிருந்தால் நான் முதலிடம் கொடுப்பது வேகல்ன்பர்க். 572 மீட்டர், இந்த வட்டாரத்திலேயே உயரமான கோட்டை இடிபாடு. நோட்வைலர் கிராமத்திலிருந்து ஏறலாம். அங்கிருந்து அதே மலை முதுகில் கொஞ்சம் நடந்தால் ஹோஹன்பூர், லோவன்ஷ்டைன், ஃப்ளெக்கன்ஷ்டைன் மூன்றும் வரும். எல்லாம் பிரான்ஸில். காட்டுக்குள் எல்லையைத் தாண்டியது எங்களுக்கு, ‘பிரான்ஸுக்கு நல்வரவு’ என்று போனில் செய்தி வந்தபோதுதான் தெரிந்தது. மேலே எங்களைத் தவிர இரண்டு பேர். கண்ணுக்கெட்டிய வரை ஒரு வீடு இல்லை, காடுதான்.

ரயிலை விட்டு ரொம்பத் தள்ளிப் போக முடியாதென்றால் நோய்ஷ்டாட் பக்கம் ஹம்பாக். 1832 மே 27 அன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கறுப்பு-சிவப்பு-பொன் கொடியோடு இந்த மலையேறி, சுதந்திரமும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் கேட்டார்கள். அன்று அவர்கள் கூடியது ஒரு இடிபாட்டில். பத்து வருடம் கழித்து அதே இடிபாட்டை பவேரிய இளவரசருக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அரண்மனையாக்கத் தொடங்கி, பாதியிலேயே விட்டார். உள்ளே இப்போது நல்ல அருங்காட்சியகம்.

சாப்பாடு: ஃபெல்ட்சர்வால்ட் சங்கத்தின் மலைக் குடில்கள் காடெங்கும் உண்டு, விலையும் நியாயம். பல குடில்கள் வார இறுதியிலும் புதன்கிழமையும்தான் திறக்கும். சிலதில் அட்டை எடுபடாது, ரொக்கம் வேண்டும். வியாழக்கிழமை போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் பிஸ்கட் தின்றவன் சொல்கிறேன். சைவம் என்றால் ‘வைஸர் கேஸ்’ கேளுங்கள். தயிருக்கும் பன்னீருக்கும் நடுவில் ஒன்று, வெங்காயம் தூவி ரொட்டியோடோ வேகவைத்த உருளையோடோ வரும். அடியில் உப்புப் பொருக்கு பிடித்த ‘டாம்ஃப்நூடல்’ என்ற ஆவிப் பணியாரமும் நன்றாக இருக்கும். உருளைக்கிழங்கு சூப்பில் பன்றிக்கறித் துண்டு இருக்கலாம், விசாரித்துவிடுங்கள். ஷோர்லெ அரை லிட்டர்க் குழிக் கண்ணாடி டம்ளரில் வரும். பெயருக்குச் சோடா சேர்த்த ஒயின், இந்தப் பக்கத்தில் ஒயின்தான் அதிகம். இறங்கும் வழி பாக்கியிருக்கும்போது ஒன்றோடு நிறுத்துங்கள்.

போக ஏற்ற காலம் செப்டம்பர் கடைசி, அக்டோபர். மலைவிளிம்பில் செஸ்ட்நட் உதிர்ந்து கிடக்கும். குளிர்காலத்தில் சில கோட்டைகள் பூட்டியிருக்கும். கோடையில் புல்லுக்குள் நடந்தால் வீடு திரும்பியதும் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்கால் பின்புறம் உட்பட உடம்பெல்லாம் பாருங்கள், இந்தப் பக்கத்து உண்ணி நோய் பரப்பும்.

டான் பக்கம் கார் இல்லாமல் போகிறவர்கள், காலையில் இறங்கியவுடன் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வேகல்ன்பர்கில் சூரியன் மறைவதை ரசித்துவிட்டு இறங்கி, ஏழு கிலோமீட்டரைக் கைவிளக்கு வெளிச்சத்தில் நாங்கள் நடந்தோம். மாமனார் வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் காலையில், “அடுத்த வாரம் எந்தக் கோட்டை?” என்றார்.