கேள்வி மேடை: சென்னையின் புதிய குரல்கள்

மார்கழி நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி சங்கீதத்தைப் பற்றியவையாகவே இருக்கும். சபா கேன்டீன்களைப் பற்றிய கடிதங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இளம் கலைஞர்களையும் அவர்களுக்குக் கிடைக்கும் மேடைகளையும் பற்றிய ஆறு கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பெரிய வித்வான்களின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க என் ஓய்வூதியம் இடம் கொடுக்காது. புதிதாகப் பாட வருபவர்களைக் கேட்கவே எனக்கு ஆசை. எங்கே, எந்த நேரத்தில் போகவேண்டும்?
(வாசகர், குரோம்பேட்டை)

தங்கள் ஆசைக்குச் செலவே இல்லை என்பதுதான் சென்னையின் விசேஷம். மார்கழிக் கச்சேரிகளுக்கு ஒரு நேரப் படிநிலை உண்டு. மாலை ஆறரை, ஏழு மணிக்குப் பெயர் பெற்றவர்கள், நான்கு மணிக்கு அவர்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்கள், நண்பகலிலும் அதையொட்டிய பிற்பகலிலும் இளையவர்கள் என்பது பெரும்பாலான சபாக்களில் எழுதப்படாத ஏற்பாடு. டிக்கெட் தேவைப்படும் கச்சேரிகள் பெரும்பாலும் பிற்பகல் நான்கு மணிக்குமேல்தான் தொடங்கும். அதற்கு முன் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் முதல் வரிசைக்குப் பக்கத்திலேயே உட்காரலாம், ஏனென்றால் அந்த நேரத்தில் அரங்கில் முப்பது பேர் இருந்தாலே அது நல்ல கூட்டம்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பர் மாதம் கச்சேரி மாதமாக ஆனதற்கு அதுவே வேர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் மூத்தது, 1900இல் தொடங்கியது. இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், ஆழ்வார்பேட்டை வட்டாரத்துக்குள் ஒரே நாளில் நான்கு அரங்குகளுக்கு நடந்தும் ஷேர் ஆட்டோவிலும் போய்வர முடியும். தாங்கள் குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால், தியாகராய நகர் சபாக்கள் நடை தூரத்திலோ சிறு ஆட்டோ சவாரியிலோ இருக்கும்.

பெரிய அரங்குகளைவிட, லஸ் பக்கத்தில் இருக்கும் ராகசுதா, ஆர்.கே. மாநாட்டு மையம் போன்ற சிறிய அரங்குகளையே நான் தங்களுக்கு முதலில் சொல்வேன். அவற்றில் ஆண்டு முழுவதும் கச்சேரிகள் நடக்கின்றன, பாடுபவரின் முகம் தெரியும் தூரத்தில் உட்காரலாம், ஒலிபெருக்கியின் உபத்திரவமும் குறைவு. அந்த உபத்திரவமே இல்லாமல் கேட்கவேண்டுமென்றால், நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் பாடும் கச்சேரிகளுக்குப் போய்ப் பாருங்கள். காக்கையின் கரைதலுக்கும் நடைப்பயிற்சிக்காரர்களின் பேச்சுக்கும் நடுவே பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மோகன ராகத்தைச் சுருதி விலகாமல் பிடித்துக்கொண்டு போவதைக் கேட்டால், குளிரூட்டிய அரங்கில் எத்தனை பிழைகள் ஒலிக் கருவிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன என்பது தெரிந்துவிடும்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கீர்த்தனையைப் பாடம் செய்தபடி பிசகாமல் பாட இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. யூடியூபின் புண்ணியத்தில் எந்த வித்வானின் சங்கதியையும், அதாவது ஒரே வரியை அவர் மாற்றி மாற்றிப் பாடும் விதத்தையும், எவரும் எடுத்துக்கொள்ளலாம். ராகத்தைத் தன் கற்பனையில் விரிக்கும் ஆலாபனையில், அடுத்த இசைத்தொடரை யோசிப்பதற்காக அந்த இளைஞர் ஒரு கணம் நிற்கிறாரே, அந்த நிறுத்தத்துக்குப் பிறகு வருவது குருவின் குரலா அவருடைய குரலா என்று பாருங்கள். அவருடையது என்று தோன்றினால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், சில ஆண்டுகளில் அதே பெயரை மாலை நேரப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினெட்டு வயது, பதினொரு ஆண்டுகளாகப் பாட்டுக் கற்கிறாள். டிசம்பரில் ஒரு நண்பகல் கச்சேரி தருவதற்கு ஒரு சபாவில் 'நன்கொடை' கேட்கிறார்கள். எல்லோரும் கொடுக்கத்தான் செய்கிறார்கள் என்கிறார் என் சகோதரர். கொடுக்கலாமா?
(வாசகி, வேளச்சேரி)

கொடுக்கவேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் கொடுப்பவர்களை ஏளனம் செய்யவும் எனக்கு மனம் வரவில்லை. கணக்கைப் பாருங்கள். நண்பகல் கச்சேரிக்கு வசூல் கிடையாது. பாடுபவருக்குக் கிடைக்கும் சன்மானம் பல இடங்களில் பெயரளவுக்குத்தான், சில இடங்களில் அதுவும் இல்லை. வயலின், மிருதங்கம் வாசிப்பவர்களுக்குக் கொடுப்பது, தம்பூரா போடும் தோழியை அழைத்து வருவது, வண்டிக்கூலி, புடவை எல்லாம் குடும்பத்தின் கைச்செலவு. இப்படி ஏற்கெனவே செலவழித்துத்தான் மேடை ஏறுகிறார்கள் என்கிறபோது, மேடைக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதில் என்ன வேறுபாடு என்று தங்கள் சகோதரர் கேட்கக்கூடும்.

வேறுபாடு உண்டு. பக்கவாத்தியக்காரருக்குத் தருவது உழைப்புக்கான ஊதியம். மேடைக்குத் தருவது, பாட்டைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கவேண்டிய ஒருவர் கேட்காமலே இருப்பதற்கான விலை. அப்படிக் கிடைத்த மேடை அடுத்த மேடைக்கு வழிகாட்டுவதும் இல்லை, ஏனென்றால் மற்ற சபாக்களின் செயலாளர்களுக்கு எந்த இடம் எப்படி நிரப்பப்படுகிறது என்பது நன்றாகவே தெரியும். ஒரு காலத்தில் சபாக்கள் மாதச் சந்தா கட்டும் உறுப்பினர்களை நம்பியிருந்தன. மேடை நாடகங்கள் கூட்டம் சேர்த்தன, அந்த வருமானத்தின் நிழலில் சங்கீதமும் பிழைத்தது. தொலைக்காட்சி வந்து நாடகக் கூட்டம் கலைந்தபின் பல சபாக்கள் விளம்பரதாரரையும் நன்கொடையையும் நாடவேண்டியதாயிற்று. இது காரணம்தான், நியாயமாகாது.

தங்கள் மகள் அகில இந்திய வானொலியின் குரல் தேர்வுக்கு விண்ணப்பிக்கட்டும். சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று அது தரும் தரநிலைகளைச் சபாக்கள் இன்றும் மதிக்கின்றன. சபாக்கள் நடத்தும் போட்டிகளில் கலந்துகொள்ளட்டும். பரிசைவிட, நடுவராக உட்கார்ந்திருக்கும் மூத்த வித்வானின் காதில் குரல் விழுவதுதான் அங்கே கிடைக்கும் லாபம். நவராத்திரியில் கோயில் மேடைகள் இளையவர்களைத் தேடும். மணியோசையும் குழந்தைகளின் ஓட்டமும் பிரசாத வரிசையும் இருக்கும் அந்த இடத்தில், சந்நிதிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் அவள் பாட்டுக்காகத் தூணில் சாய்ந்து நின்றுவிட்டால், அரங்கில் கிடைக்கும் மரியாதைக் கைதட்டலைவிட அது பெரிது.

மகளுக்குத் தமிழ்ப் பாடல்களில் நாட்டம் இருந்தால் தமிழ் இசைச் சங்கத்தையும் மறக்கவேண்டாம். கச்சேரிகளில் தமிழுக்கு உரிய இடம் இல்லை என்ற குறையிலிருந்து 1943இல் பிறந்த அமைப்பு அது. இராஜா அண்ணாமலை மன்றத்தில் ஆண்டுதோறும் விழா நடத்துகிறது. தேவாரத்தின் பழந்தமிழ் ராகங்களான பண்களைப் பாடம் செய்த இளையவர்கள் குறைவு என்பதால், தேவாரம் நன்றாகப் பாடுபவருக்குப் போட்டியும் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: யுனெஸ்கோ சென்னையை இசை நகரமாக அறிவித்ததால் கலைஞர்களுக்கு என்ன கிடைத்தது?
(வாசகர், அம்பத்தூர்)

2017இல் படைப்பாற்றல் நகரங்களின் வலையமைப்பில் இசைப் பிரிவில் சென்னை சேர்ந்தது. பெருமை கிடைத்தது. வாடகை குறைந்த அரங்கு ஒன்று கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், கானா பாடுவேன். சென்னை இசை நகரம் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் மயிலாப்பூரோடு நின்றுவிடுகிறார்களே, ஏன்?
(வாசகர், வியாசர்பாடி)

குற்றச்சாட்டு நியாயமானது. முதல் கேள்விக்கான என் பதிலை மீண்டும் படித்துப் பார்த்தேன், நானும் கூவத்தைத் தாண்டவில்லை.

கானா வடசென்னையின் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளிக் குடியிருப்புகளில் வளர்ந்தது. சாவு வீட்டில் இரவு முழுவதும் இறந்தவரின் பெருமையைச் சொல்லிப் பாடும் மரண கானா அதன் அடித்தளம். அங்கே பாடுபவர் கேட்பவர்களின் கண்ணீருக்கும் சிரிப்புக்கும் ஏற்ப அந்த இடத்திலேயே வரி கட்டவேண்டும். மேடையிலேயே கற்பனை செய்து பாடுவதை மனோதர்மம் என்று சபாவில் சொல்கிறார்களே, அதற்கு இதைவிடக் கடினமான தேர்வு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. 1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரைக்குக் கொண்டுபோனார். 2012இல் 'அட்டகத்தி' வழியாகக் கானா பாலாவின் குரல் தமிழகம் முழுவதும் சென்றது. ஆனால் திரைக்குப் போன கானா பெரும்பாலும் குத்தாட்டத்தோடு நின்றுவிட்டது, துக்கமும் கோபமும் பேட்டையிலேயே தங்கிவிட்டன.

அந்தக் கோபத்தை மேடைக்குக் கொண்டுவந்தது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்த்த இந்தக் குழு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாக வைத்து 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. குழுவின் பெயருக்குப் பின்னால் 'சாதி பேதமற்ற' என்ற, சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லாட்சி இருக்கிறது. ராப் பாடகர் அறிவும் கானா பாடகி இசைவாணியும் அந்த மேடையிலிருந்துதான் பரவலாக அறியப்பட்டார்கள். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பாட வந்த இசைவாணியை 2020ஆம் ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் பி.பி.சி. சேர்த்தது. அதே 2020 டிசம்பரில் இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. மார்கழி என்ற சொல்லையே அந்த விழா பங்கு கேட்டது என்பதை நான் ரசித்தேன்.

பொங்கலையொட்டிப் பூங்காக்களிலும் திடல்களிலும் நடக்கும் சென்னை சங்கமம் 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 முதல் மீண்டும் நடக்கிறது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவில் மீனவர் குடியிருப்பில் கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. உங்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: சாவு வீட்டு மேடையை விட்டுவிடாதீர்கள். விழா மேடையில் பத்து நிமிடம் தருவார்கள், அங்கே விடியும்வரை தருவார்கள். பாட்டு வளர்வது அங்கேதான்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறோம். சொந்தப் பாடல்களைக் கேட்க ஆளில்லை. வரவேற்பு நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டு வாசித்துத்தான் கருவிகளின் தவணையைக் கட்டுகிறோம். அதற்கும் பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.
(வாசகர், அண்ணா நகர்)

பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, மதச் சடங்குகளில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய சமூகக் கொண்டாட்டங்களும் அதற்குள் அடங்கும் என்று அதன் விளக்கமே சொல்கிறது. ஆகவே கல்யாண வரவேற்பில் வாசிப்பதற்குக் கவலை வேண்டாம். டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சி வேறு, அங்கே பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமத் தொகையை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்பிடமோ உரிமையாளரிடமோ அனுமதி பெறவேண்டும், அது அமைப்பாளரின் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே அறிவிப்பு போனது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

கேட்க ஆளில்லை என்பது பெரிய விஷயம். பெங்களூரில் ஒரு பேண்டுக்கு வார இறுதியில் இடம் கொடுக்கும் மதுக்கூடங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. தமிழ்நாட்டில் உரிமச் சட்டத்தின்படி அத்தகைய மதுக்கூடங்கள் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் உள்ளேதான் இருக்கின்றன. ஓட்டல்காரர் விருந்தினர் முணுமுணுக்கத் தெரிந்த பாட்டையே கேட்பார். எனவே சென்னையில் பேண்டுகள் ஐ.ஐ.டி.யின் சாரங் போன்ற கல்லூரி விழாக்களிலும், உலக இசை நாளான ஜூன் 21ஐயொட்டி அலியான்ஸ் பிரான்சேஸ் நடத்தும் நிகழ்ச்சிகளிலும், உணவகங்களின் மொட்டை மாடியிலும் தாமாக இடம் தேடிக்கொண்டன. ஸ்க்ராட், எஃப் 16ஸ், குரங்கன், ஜடாயு எல்லாம் இந்த நெருக்கடியிலிருந்து வந்த குழுக்களே. இன்னொரு பக்கம், தனிப்பாடல்களோடு வந்த ஷான் ரோல்டன், பிரதீப் குமார் போன்றவர்களைத் திரையுலகம் அள்ளிக்கொண்டது. அவர்களைக் குறை சொல்லமுடியாது; ஆனால் நல்ல பாடகர் கிடைத்தவுடன் சினிமாவுக்கு அனுப்பிவிட்டுப் பேண்டு வளரவில்லையே என்று வருந்துவது நம் ரசிகர்களின் வழக்கம். வரவேற்பு நிகழ்ச்சியில் பத்துச் சினிமாப் பாட்டுக்கு நடுவே, அறிவிப்பே இல்லாமல் உங்கள் பாட்டு ஒன்றை வாசித்துப் பாருங்களேன். யாராவது 'இது எந்தப் படம்?' என்று கேட்டுக்கொண்டு வந்தால் அவர்தான் உங்கள் முதல் ரசிகர்.

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்து கேன்டீனுக்குப் போகிறது. புதிதாக வாசிக்க வருபவன் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?
(வாசகர், நங்கநல்லூர்)

அந்த அவமதிப்பு பெரிய வித்வான்களுக்கும் நடக்கிறது என்பது ஆறுதலாகாது. நான்கைந்து மணி நேரம் நீண்ட கச்சேரியை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சிதமான வடிவத்துக்குக் கொண்டுவந்தபோது, பிரதான கீர்த்தனைக்குப் பிறகு தனி என்ற இடம் உறுதிப்பட்டது. ரசிகர்கள் அதை இடைவேளையாக மாற்றிக்கொண்டார்கள். தாளம் போடத் தெரியாத கேட்பவருக்குக் தனியை முடித்துவைக்கும் தாளக் கோவையான கோர்வையின் முடிச்சு எங்கே அவிழ்கிறது என்பது புலப்படுவதில்லை, அதனால் பசி எடுத்துவிடுகிறது.

ஆனால் இளம் தாளக் கலைஞர்களுக்குப் பாட்டுக்காரர்களிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. நல்ல மிருதங்கக்காரர் ஒரே நாளில் இரண்டு மூன்று மேடைகளில் வாசிக்கலாம், மூத்தவர்களோடும் உட்காரலாம், வேறு வகை இசைக்கும் போகலாம். டி.எச். விநாயக்ராம் கடத்தை எடுத்துக்கொண்டு கர்நாடக இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவோடு உலகைச் சுற்றினார், அவர் பங்குகொண்ட ஓர் ஆல்பம் கிராமி விருதும் பெற்றது. உங்கள் தனி ஐந்து நிமிடமாக இருந்தாலும், யார் எழுந்து போகிறார்கள் என்று பார்க்காதீர்கள். முதல் இரண்டு வரிசையில் தொடையில் தாளம் போட்டபடி சிலர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் ஒருவராவது அடுத்த கச்சேரிக்குப் பக்கவாத்தியம் தேடிக்கொண்டிருப்பார். கேன்டீனுக்குப் போனவர்கள் கடைசியில் பாடும் மங்களத்துக்குள் திரும்பி வந்துவிடுவார்கள்.