எது கால்பந்து? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறேன். எங்கள் குழுவில் ஓர் அயர்லாந்துக்காரர், ஓர் ஆஸ்திரேலியர், ஓர் அமெரிக்கர், அப்புறம் நான். போன வாரம் மதிய இடைவேளையில் ஃபுட்பால் பேச்சு வந்தது. மூன்று பேரும் அவரவர் நாட்டு ஆட்டத்தைத்தான் ஃபுட்பால் என்கிறார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கால்பந்து என்றால் உயிர். சும்மா இருக்க முடியவில்லை. "கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு எதற்கு அந்தப் பெயர்? காலால் ஆடினால்தானே கால்பந்து? உலகமே ஆடுகிற ஆட்டமும் உங்கள் எல்லையைத் தாண்டினால் யாருக்கும் தெரியாத ஆட்டமும் ஒன்றா?" என்று கேட்டுவிட்டேன். அமெரிக்கர் சிரித்தார். ஆஸ்திரேலியர், நம் ஆட்டக்காரர்கள் தொட்டாலே உருண்டு புரள்வதைக் கிண்டல் செய்தார். அயர்லாந்துக்காரர் மட்டும், "எங்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போனவர்களைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள், தெரியுமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நான் சொன்னதில் என்ன தப்பு? விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் ஏன் அதில் நாட்டைக் கொண்டுவருகிறார்கள்?

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் கோபத்தில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அது நடந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எது கால்பந்து என்பதை அப்புறம் பார்ப்போம்.

1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அன்று காலை டப்ளினில் ஐ.ஆர்.ஏ. என்ற விடுதலைப் படையின் ஆட்கள் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் பலரை அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே போய்ச் சுட்டுக்கொன்றார்கள். மதியம் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் கேய்லிக் கால்பந்து ஆட்டம் இருந்தது. உங்கள் நண்பர் ஃபுட்பால் என்று சொல்வது அயர்லாந்தின் இந்த ஆட்டத்தைத்தான். ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. தொடங்கிச் சில நிமிடங்களிலேயே போலீஸ் படை உள்ளே வந்து கூட்டத்தைப் பார்த்துச் சுட்டது. ஒன்றரை நிமிடம். பதினான்கு பேர் செத்தார்கள். அதில் ஒரு பையனுக்கு வயது பத்து, இன்னொருவனுக்குப் பதினொன்று. இன்னும் ஐந்து நாளில் கல்யாணம் என்றிருந்த ஒரு பெண்ணும் அதில் உண்டு. டிப்பரரி அணியில் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன் புல்தரையிலேயே விழுந்தார். அவர் பக்கத்தில் மண்டியிட்டு, சாகிறவர் காதில் கடைசி ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்த இளைஞர் மீதும் குண்டு பாய்ந்தது.

இன்றைக்கும் அயர்லாந்து சாம்பியன் ஆகிற அணி கோப்பையை வாங்குவது அந்த மைதானத்தின் ஹோகன் ஸ்டாண்டில்தான். கோப்பையைத் தூக்கிக் காட்டும்போது அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியும். ஏன் நாட்டைக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்கிறீர்கள். உங்கள் நண்பர் கொண்டுவரவில்லை. அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. மீதியையும் சொல்லாவிட்டால் உங்களுக்கு நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். கேய்லிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் தொடங்கியது. நாட்டை ஆண்ட ஆங்கிலேயரோடு வந்த ஆட்டங்கள் ஊர் ஆட்டங்களை அழித்துவிடும் என்ற பயத்தில் பிறந்த சங்கம் அது. பயத்தில் நியாயம் இருந்தது. கொஞ்ச வருஷத்தில் அந்தப் பயம் வேலியாக மாறியது. சாக்கர் (நம் கால்பந்து), ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி எல்லாம் 'அந்நிய ஆட்டங்கள்'. சங்க உறுப்பினர் அவற்றை ஆடக் கூடாது, பார்க்கப் போகவும் கூடாது. யார் எந்த மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வேவு பார்க்கக் கமிட்டிகள் இருந்தன. இத்தனைக்கும் சங்கத்தைத் தொடங்கிய மைக்கேல் கியூசக் ஒருகாலத்தில் ரக்பி ஆடியவர்தான்.

இதில் டக்ளஸ் ஹைட்டின் கதைதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஐரிஷ் மொழிக்காக வாழ்ந்த மனிதர். அந்த மொழி செத்துவிடக் கூடாது என்று 1893இல் இயக்கம் தொடங்கினார். 1938இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். அந்த வருஷம் நவம்பரில் டப்ளினில் அயர்லாந்தும் போலந்தும் ஆடிய சாக்கர் ஆட்டத்துக்கு நாட்டின் தலைவர் என்ற முறையில் போய் உட்கார்ந்தார். அவர் கேய்லிக் விளையாட்டுச் சங்கத்தின் புரவலர். அடுத்த மாதமே அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஐரிஷ் பண்பாட்டுக்கு அவரைவிட அதிகம் செய்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தன் நாட்டு அணியின் ஆட்டத்தைப் பார்த்ததற்காக அவர் அந்நியராகிவிட்டார்! கெர்ரி மாவட்டத்தைச் சேர்ந்த மாஸ் கீன் என்ற கேய்லிக் ஆட்டக்காரர், கல்லூரியில் ரக்பி ஆட ஆசைப்பட்டு வேறு பெயரில் ஆடினார். பின்னால் அயர்லாந்து ரக்பி அணியின் பெரிய வீரர்களில் ஒருவரானார். 1971இல்தான் தடை போனது.

தடை போனாலும் குரோக் பார்க்கின் கதவு திறக்க இன்னும் காலம் ஆனது. அந்நிய ஆட்டங்களுக்கு அங்கே இடமில்லை என்ற விதியைத் தளர்த்த 2005இல் ஓட்டெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. டப்ளினின் பழைய ரக்பி மைதானத்தை இடித்துக் கட்டுவதற்காக மூடவேண்டி வந்த சமயம். ஆட வேறு இடமில்லை. அப்படித்தான் 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து ரக்பி அணி குரோக் பார்க்குக்கு வந்தது. ஹோகன் விழுந்த அதே மைதானத்தில் பிரிட்டிஷ் தேசிய கீதம் ஒலிக்கப்போகிறது. என்ன நடக்குமோ என்று நாடே கவலைப்பட்டது. எண்பதாயிரம் பேர். கீதம் ஒலித்தது. ஒரு கூச்சல் இல்லை, ஊளை இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, முடிந்ததும் கைதட்டினார்கள். அப்புறம் தங்கள் பாட்டு வந்தபோது பாடிய பாட்டில், மலை மாதிரி இருந்த ஜான் ஹேய்ஸ் என்கிற ஆட்டக்காரர் கண்ணீர் வழிய நின்றார்.

அன்று அயர்லாந்து 43–13 என்று ஜெயித்தது. அதில் ஒரு டிரையை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) மட்டும் தேடிப் பாருங்கள். ரோனன் ஓகாரா பந்தை மைதானத்தின் குறுக்கே உயர உதைக்கிறார். ஓரத்தில் ஷேன் ஹார்கன், இங்கிலாந்து ஆட்டக்காரரின் தலைக்கு மேல் எழும்பி, இரண்டு கையையும் நீட்டிப் பந்தைப் பறித்து, விழும்போதே கோட்டுக்கு அப்பால் வைக்கிறார். அது ரக்பி ஆட்டக்காரன் பிடிக்கிற பிடி இல்லை. ஹார்கன் சின்ன வயதில் கேய்லிக் கால்பந்து ஆடி வளர்ந்தவர். எழுபது வருஷம் ஒன்றின் நிழல்கூட இன்னொன்றின் மேல் படக் கூடாது என்று பிரித்துவைத்த இரண்டு ஆட்டங்கள் ஒரே உடம்பில் சேர்ந்து எழும்பியதை எண்பதாயிரம் பேர் நின்றுகொண்டு பார்த்தார்கள். நான் அந்தத் துண்டை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

சரி, 'காலால் ஆடினால்தானே கால்பந்து' என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். தமிழில் 'கால்பந்து' என்று சொல்லிப் பழகியதால் நமக்கு அது மறுக்க முடியாத வாதமாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் ஆஷ்போர்ன் என்ற ஊரில் வருஷத்துக்கு இரண்டு நாள் இன்றும் ஒரு பழைய ஃபுட்பால் ஆடுகிறார்கள். ஊரே இரண்டு கட்சி. கோல் இரண்டுக்கும் நடுவே மூன்று மைல். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குகிறார்கள், தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கால் படுவது அபூர்வம். அந்தப் பெயர் முதலில் இந்த மாதிரி ஆட்டங்களுக்குத்தான் இருந்தது. 1863இல் லண்டனில் ஃபுட்பால் அசோசியேஷன் கூடியபோது போட்ட முதல் வரைவில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட அனுமதி இருந்தது. எதிராளியின் காலை உதைக்கவும் அனுமதி இருந்தது. இரண்டையும் நீக்கியபோது பிளாக்ஹீத் கிளப் கோபித்துக்கொண்டு வெளியேறியது. ரக்பி தனி வழி போனதற்கு அது ஒரு காரணம். நீக்கிய பிறகும்கூட, பறந்து வரும் பந்தைக் கையால் பிடித்து, குதிகாலால் தரையில் அடையாளம் போட்டால் ஃப்ரீ கிக் உண்டு என்று விதி இருந்தது. நம் ஆட்டத்தின் முதல் விதிப்புத்தகத்தைச் சொல்கிறேன்!

'சாக்கர்' என்ற சொல்லும் அமெரிக்கர்கள் உருவாக்கியது இல்லை. 'அசோசியேஷன்' என்பதைச் சுருக்கி இங்கிலாந்து மாணவர்கள் பேச்சுவழக்கில் சொன்னது. பந்தைக் கையால் பிடிக்கலாம் என்ற ஆஸ்திரேலிய ஆட்டத்தின் விதிகளை மெல்போர்னில் 1859இலேயே எழுதிவிட்டார்கள், லண்டன் கூட்டத்துக்கு நான்கு வருஷம் முன்பே. யார் மூத்தவர் என்று பார்த்தால் உங்கள் ஆஸ்திரேலிய நண்பர் ஜெயித்துவிடுவார். அந்த வாதத்துக்குள் போகாதீர்கள்.

அவரிடம் கேட்க உங்களுக்கு வேறு நல்ல கேள்வி இருக்கிறது. ஏனென்றால் அவருடைய நாட்டில் அடி வாங்கியது நம் ஆட்டம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இத்தாலி, கிரேக்கம், குரோவேஷியாவிலிருந்து போனவர்கள் அங்கே சாக்கர் கிளப்புகளை வளர்த்தார்கள். அவர்களை இழிவாக அழைக்கிற வசைச்சொல்லையே மற்றவர்கள் ஆட்டத்துக்கும் பெயராக வைத்தார்கள். ஆண்பிள்ளை ஆடுகிற ஆட்டமில்லை என்றார்கள். பிற்பாடு கிளப்பின் பெயரில் இருக்கிற 'ஹெல்லாஸ்', 'குரோவேஷியா' எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார்கள். அப்படிக் குடியேறிய அப்பா அம்மாக்களுக்கு அந்த நாட்டில் நிம்மதியாகத் தங்கள் மொழி பேச இருந்த இடமே அந்த கிளப்தான். 2005 நவம்பர் 16, சிட்னி, உலகக் கோப்பைக்குத் தகுதி பெற உருகுவேயோடு பெனால்டி ஷூட் அவுட். அதற்கு முன் ஆஸ்திரேலியா உலகக் கோப்பை ஆடி 31 வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெனால்டிகளைத் தடுத்த மார்க் ஷ்வார்ஸரின் பெற்றோர் ஜெர்மானியர்கள். கடைசிப் பந்தை உதைத்த ஜான் அலோய்ஸி இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. பந்து வலைக்குள் போனதும் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினாரே, அந்த ஓட்டத்துக்கு 82,698 பேர் எழுந்து நின்றார்கள். அந்நியர் ஆட்டம் என்று கேலி பேசப்பட்டது அன்றிரவு தேசத்தின் ஆட்டம் ஆனது.

அதனால்தான் 'உலகமே ஆடுகிறது' என்ற உங்கள் வாக்கியம் எனக்கு ஒப்பவில்லை. ஆஸ்திரேலியாவில் நம்மைச் சிறுமைப்படுத்தியவர்கள் கையில் இருந்ததும் இதே கணக்குதான்: இங்கே பெரும்பாலோர் ஆடுவது எங்கள் ஆட்டம், நீங்கள் யார்? தலையை எண்ணி மதிப்புப் போடுகிற பேச்சை நாம் மொழி விஷயத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? "உங்கள் மொழியை உங்கள் ஊரைத் தாண்டினால் யார் பேசுகிறார்கள்?" என்று ஒருவர் சாப்பாட்டு மேஜையில் கேட்டால் நீங்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களா? உங்கள் நண்பர் எழுந்து போனது போலத்தான் நீங்களும் போவீர்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆட்டத்தின் மேல் இருக்கிற பாசம் அப்படிப் பேச வைத்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பக்கத்துக் கூட்டில் இருப்பதும் ஒரு காக்கையின் குஞ்சு என்பதை மட்டும் அன்று மறந்துவிட்டீர்கள்.

அவரிடம் போய் மன்னிப்பு என்று நீளமாகப் பேச வேண்டாம். "நீங்கள் எந்தக் கவுண்டி?" என்று கேளுங்கள். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஐரிஷ்காரரிடம் கேய்லிக் கால்பந்து பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அங்கே ஆட்டக்காரன் பிறந்து வளர்ந்த கவுண்டிக்குத்தான் பெரும்பாலும் ஆடுவான். விலைக்கு வாங்குகிற வழக்கமில்லை. யாருக்கும் சம்பளமும் இல்லை. எண்பதாயிரம் பேர் முன்னால் இறுதிப் போட்டியில் ஆடுகிறவர் பள்ளி ஆசிரியராக இருப்பார், விவசாயியாக இருப்பார், விடுமுறை முடிந்ததும் வேலைக்குத் திரும்புவார். நாம் பார்க்கிற ஆட்டத்தில் கோடிக்கணக்கில் பணம் புரள்வதைப் பற்றி அலுத்துக்கொள்கிறோமே, இதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அப்புறம் ஒரு முழு ஆட்டத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் போக முடியாது. தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், அல்லது பாதத்தில் போட்டுத் திரும்பக் கைக்கே உதைத்து வாங்க வேண்டும். தட்டுவதை அடுத்தடுத்து இரண்டு முறை செய்யக் கூடாது. ஆகவே முழு வேகத்தில் ஓடும்போதே, பந்தைப் பார்க்காமல், கால் நுனியால் தட்டிக் கைக்கு எடுத்துக்கொண்டே போகிறார்கள். இதற்கு 'சோலோ' என்று பெயர். எதிராளி தோளால் மோதிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று பந்தோடு வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பந்தை எடுத்துக்கொண்டு பத்துக் காலடி நீங்களே ஓடிப் பாருங்கள். முடிந்தால் அவரையே சொல்லித்தரச் சொல்லுங்கள்.

அவர் எந்தக் கவுண்டி என்று தெரிந்ததும் எனக்கும் எழுதுங்கள். டிப்பரரியாக இருந்தால் ஹோகன் பிறந்த கிரேஞ்ச்மாக்லர் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்க எனக்கு ஆசை.

அன்புடன்.