கடலடி கேபிள் முதல் கம்பத்து கேபிள் வரை

இணையம் பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் தொழில்நுட்பக் குழு பதிலளிக்கிறது.

கேள்வி: நெட் எல்லாம் சாட்டிலைட்டில் வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். கடலுக்கு அடியில் கேபிள் கிடக்கிறது, மடி வலை இழுக்கும்போது பார்த்து இழுங்கள் என்கிறார்கள். நிஜமா? தப்பித்தவறி மாட்டிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?
– விசைப்படகு டிரைவர், காசிமேடு

நிஜம்தான். நாடு விட்டு நாடு போகும் இணையத் தகவல் ஏறக்குறைய முழுவதும் கடலடி கேபிளில்தான் ஓடுகிறது. சாட்டிலைட்டின் பங்கு மிகச் சொற்பம். சென்னைக்கு இது புதிதும் அல்ல. 1871-லேயே மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி கேபிள் இருந்தது. இன்று இருப்பவை தகவலை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழை கேபிள்கள். 2002-இல் வந்த சென்னை–சிங்கப்பூர் கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிள் சுமார் 2,300 கி.மீ.

ஆழ்கடலில் இந்த கேபிளின் தடிமன் 2 செ.மீ. அளவுதான். கரை நெருங்க நெருங்க மேலே இரும்புக் கம்பி சுற்றியிருக்கும். தரை இடம் கொடுக்கும் இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் புதைத்தும் வைப்பார்கள். நீரோட்டம் மண்ணை அரித்தால் கேபிள் வெளியே வந்துவிடும். மடியை விரிக்கும் பலகையும் நங்கூரமும் மாட்டுவது அப்படித்தான். உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கடல் கேபிள் பழுதாகிறது. பெரும்பாலும் காரணம் மீன்பிடிப்பும் நங்கூரமும்தான். சுறா கடித்தது என்ற கதை சுவையானது, ஆனால் கணக்கில் அதற்கு இடம் மிகக் குறைவு.

மாட்டிக்கொண்டால் வின்ச்சை (கயிறு சுருட்டும் இயந்திரம்) ஏற்றி இழுத்துப் பார்க்கவே கூடாது. கேபிளின் பாரம் ஒரு பக்கமாகச் சேர்ந்தால் படகு சாயும். தவிர, வழியில் 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாக இருந்து, மங்கும் ஒளியை வலுவாக்கும் ஒளிபெருக்கிகளுக்காகக் கரையிலிருந்து 10,000 வோல்ட் வரை மின்சாரம் அனுப்புகிறார்கள். கேபிளின் மேல் கத்தி வைத்தால் உயிர் போகும். எஞ்சினைக் குறைத்து, கயிற்றைத் தளர்த்தி, எதிர்த் திசையில் மெதுவாக நகர்ந்து பாருங்கள். வராவிட்டால் உங்கள் கயிற்றை வெட்டி மடியை விட்டுவிடுங்கள். ஜி.பி.எஸ். எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல்படையின் 1554-க்குச் சொல்லுங்கள்.

மடி போனால் நஷ்டம் யாருக்கு என்று கேட்பீர்கள். கேபிளுக்குச் சேதம் வரக்கூடாது என்று வலையையோ நங்கூரத்தையோ விட்டுக்கொடுத்தவருக்கு, அவர் முன்கூட்டியே ஜாக்கிரதையாக இருந்திருந்தால், கேபிள் உரிமையாளர் ஈடு தர வேண்டும் என்பது ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 115-ஆவது பிரிவு. அதனால் கரைக்கு வந்த அன்றே, படகில் இருந்தவர்கள் அனைவரின் கையெழுத்தோடு நடந்ததை எழுதி மீன்வளத் துறையில் கொடுத்து, நகல் வாங்கி வையுங்கள். எழுத்தில் இல்லாததை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: மழை பெய்தாலே எங்கள் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. கேபிள்காரரைக் கேட்டால், மழை என்றால் அப்படித்தான் என்கிறார். ஒளிக்கு மழை என்ன செய்யும்?
– இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை

ஒளிக்கு மழை எதுவும் செய்யாது. கண்ணாடி நனைந்தால் ஒளி நின்றுவிடாது. கெடுவது இணைப்புகள். கம்பத்தில் தொங்கும் ஜாயின்ட் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் தண்ணீர் இறங்கியிருக்கும். அல்லது காற்றில் கேபிள் ஆடி, எங்கோ ஓரிடத்தில் கூர்மையாக மடங்கியிருக்கும். கடல் பக்கம் இன்னொரு தொல்லை: கேபிளைத் தாங்கும் இரும்புக் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து அறுந்து, பாரம் முழுவதும் இழையின் மேல் விழுகிறது. தாழ்ந்து தொங்குவதைத் தெருமுனையில் திரும்பும் உயரமான லாரி இழுத்துக்கொண்டு போவதும் உண்டு.

சிவப்பாக மின்னுவது ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு. உங்கள் பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அதனால் பாஸ்வேர்டை மாற்றுவதோ ரீசெட் பொத்தானைக் குத்துவதோ வீண். ரீசெட் செய்தால் உள்ளே இருக்கும் லாகின் விவரமும் அழிந்து, ஒரு பழுது இரண்டாகும். முதலில் பெட்டியின் பின்னால் வரும் மெல்லிய மஞ்சள் வயரைப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா? பச்சைக் கிளிப்பை ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. முந்தானையில் துடைக்கவும் வேண்டாம். ஒரு தூசு போதும், ஒளி பாதியாகும்.

பழுது பார்ப்பவர் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பவர் எவ்வளவு காட்டுகிறது?” உங்கள் பெட்டிக்கு வரும் ஒளியின் அளவு அது, டெசிபல் கணக்கில் (dBm) காட்டும். மைனஸ் 15-க்கும் 25-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டி 28, 29 என்று போனால் இணைப்பு விட்டுவிட்டு வரும். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. ஓர் இழையின் ஒளியை 32 ஆகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றே 17 டெசிபல் அளவுக்குத் தின்றுவிடும். அதற்கு மேல் ஆளாளுக்கு ஒட்டுப் போட்டால் மிச்சம் என்ன இருக்கும்? வெயில் நாளில் மைனஸ் 22, மழையில் மைனஸ் 28 என்றால் பழுது உங்கள் வீட்டில் இல்லை, தெருப் பெட்டியில். இரண்டு நாளும் எண்ணை எழுதி வைத்துக் காட்டினால் ‘மழை என்றால் அப்படித்தான்’ என்ற பதில் எடுபடாது.

சிவப்பு விளக்கு இல்லை, ஒளி வந்து சேர்வதைக் காட்டும் ‘பான்’ (PON) விளக்கு பச்சையாக நிற்கிறது, ஆனாலும் நெட் வரவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். கட்டணமோ லாகினோ பார்க்க வேண்டும்.

கேள்வி: இணையத்தின் முதலாளி யார்? சென்னைக்கு எப்போது வந்தது?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

முதலாளி என்று ஒருவர் கிடையாது. 1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியாவில் இரண்டு கணினிகளுக்கு நடுவே ‘லாகின்’ என்று அனுப்பப் பார்த்தார்கள். இரண்டு எழுத்து போனதும் மறுமுனை படுத்துவிட்டது. 1983 ஜனவரி 1 முதல் அந்த வலையில் இருந்த கணினிகள் அனைத்தும் ‘டி.சி.பி./ஐ.பி.’ என்ற பொதுவிதிக்கு மாறின. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் வகுத்த விதி அது. அதன்படி பேசத் தெரிந்த எந்த வலையும் இன்னொன்றோடு சேரலாம். அப்படிச் சேர்ந்தவற்றின் தொகுப்புதான் இணையம்.

தகவல் முழுதாகப் போகாது, துண்டு துண்டாகப் போகும். பேரன் அனுப்பும் 3 எம்.பி. புகைப்படம் ஏறக்குறைய 2,000 துண்டுகள். ஒவ்வொன்றிலும் முகவரி இருப்பதால் ஒரு வழி அடைத்தால் வேறு வழியில் வரும். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் பழுதானபோது இந்தியாவில் நெட் அடியோடு நிற்காமல் ஆமை வேகத்தில் ஊர்ந்தது இதனால்தான்.

இந்தியாவில் 1986 முதல் கல்வி நிறுவனங்களுக்காக எர்னெட் என்ற வலை இருந்தது. பொதுமக்களுக்கு அப்போதைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-இல். தனியார் நிறுவனங்கள் 1998-க்குப் பிறகு வந்தன. பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்தது அதன் பிறகே.

கேள்வி: எம்.சி. ரோடு கடையின் சி.சி.டி.வி.யை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமரா பெட்டிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் செய்தாகிவிட்டது.
– துணிக்கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை

உங்கள் இணைப்புக்குத் தனி இணைய முகவரி (ஐ.பி. எண்) இல்லாமல் இருக்கலாம். பழைய முறை (IPv4) ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசியாவுக்கான கையிருப்பு 2011-லேயே ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஆகவே நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரில் ‘வான் ஐ.பி.’ (WAN IP) என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. கேமரா காட்சியைப் பதியும் டி.வி.ஆர். பெட்டியின் நிறுவன ஆப்பில் க்யூ.ஆர். ஸ்கேன் செய்து பார்க்கலாம், அல்லது மாதக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி. என்ற மாறாத தனி முகவரி வாங்கலாம். எந்த வழியானாலும் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள்.

கேள்வி: டிபன் கடையில், “தவறுதலாக 2,000 ரூபாய் அனுப்பிவிட்டேன், பின் நம்பர் போட்டால் திரும்பிவிடும்” என்கிறார்கள். நம்பலாமா?
– கடைக்காரம்மா, தண்டையார்பேட்டை

நம்பாதீர்கள். யு.பி.ஐ.யில் பின் நம்பர் போடுவது உங்கள் பணம் வெளியே போகவும், இருப்பைப் பார்க்கவும்தான். வர வேண்டிய பணத்துக்கு அந்த நம்பர் தேவையே இல்லை. எஸ்.எம்.எஸ்., ஸ்கிரீன்ஷாட் எதையும் கணக்கில் எடுக்காமல் உங்கள் வங்கி ஆப்பில் இருப்பைப் பாருங்கள். காலையில் கடை திறந்ததும் உங்கள் க்யூ.ஆர். அட்டையை ஒருமுறை ஸ்கேன் செய்து உங்கள் பெயர்தான் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு.

கேள்வி: 100 எம்.பி. பிளான் போட்டேன். டவுன்லோடில் 12 தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

இல்லை. பிளான் சொல்வது மெகாபிட், டவுன்லோட் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்குக் கிடைப்பது சரியான வேகம்தான். வைஃபையில் 4 அல்லது 5 என்று இறங்கினால் மட்டும் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறிப் பாருங்கள்.