சீல் பத்திப் படிக்கப் போறேன்னு பொண்ணு சொல்றா, என்ன பண்றதுன்னு கேட்ட அம்மாவுக்கு

அம்மா, உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு ஸ்கூல் முடிக்கப் போறா, நல்ல மார்க், திடீர்னு ஒருநாள் வந்து "கடல் மாறும்போது சீல் எல்லாம் எப்படி இரை தேடுறத மாத்திக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணப் போறேன்"னு சொல்லிட்டா, அன்னைலேர்ந்து உங்களுக்குத் தூக்கம் இல்ல. "மிருகக்காட்சி சாலைல மீன் வீசுறதுக்கா இவ்ளோ படிக்க வச்சோம்"னு எழுதியிருந்தீங்க பாருங்க, சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. அவ சொல்றது மிருகத்தக் கொஞ்சுற வேலை இல்லம்மா, அளக்குற வேலை. கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இதுக்கெல்லாம் நடுவுல ஒரு சீல். இது அவளுக்கே தெரியுமாங்குறதுதான் என்னோட கேள்வி, வேலை கிடைக்குமாங்குறத அப்புறம் பேசுவோம்.

(சீல்னா கடல்நாய். நீர்நாய் வேற, அது ஆத்துல இருக்குறது, உங்க வீட்டுக்காரர் ரெண்டையும் போட்டு கொழப்பிக்கிறாருன்னு நெனைக்கிறேன்.)

அந்த வேலை எப்படி இருக்கும்னு ஒரு உதாரணம் சொல்றேன். கலிஃபோர்னியா கடலோரத்துல அன்யோ நுவேவோன்னு ஒரு இடம், அங்க யானை சீல் கூட்டமா கரையேறும், சாண்டா குரூஸ் யுனிவர்சிட்டிக்காரங்க பல வருஷமா அதுங்க பின்னாடியே இருக்காங்க. பொம்பளை சீல் குட்டி போட்டு பால் கொடுத்து முடிச்சதும் ரெண்டரை மாசம் போல கடலுக்குப் போகும், திரும்பி வந்து ரோமம் உதிர்த்துட்டு மறுபடி ஏழு மாசத்துக்கு மேல போயிடும், நடுவுல கரைப்பக்கமே வராது. ஒவ்வொரு தடவையும் 400லேர்ந்து 600 மீட்டர் ஆழத்துக்கு முங்கி, இருபது நிமிஷம் போல உள்ள இருந்துட்டு, மேல வந்து ரெண்டு மூணு நிமிஷம் மூச்சு வாங்கிட்டு மறுபடி உள்ள, ராத்திரி பகல் பாக்காம இதேதான். பகல்ல ஆழமா போகும், ராத்திரி கொஞ்சம் மேலயே நின்னுக்கும், ஏன்னா அது திங்குற சின்ன மீனுங்க ராத்திரி மேல ஏறி வரும். கடல்ல இருக்குறப்ப ஒரு நாளைக்கு மொத்தமே ரெண்டு மணி நேரம் போலதான் தூங்குதுன்னு 2023ல கண்டுபிடிச்சாங்க, அதையும் முங்கிப் போற வழியிலயே தூங்கிக்குதாம்.

அவ்ளோ ஆழத்துல அது தின்னுச்சா இல்லையான்னு யார் போய் பாக்குறது? இங்கதான் உங்க பொண்ணோட பிசிக்ஸ் புக்கு வேலைக்கு வருது. சீல் சில சமயம் துடுப்பு போடாம சும்மா மிதந்தபடி எறங்கும், கொழுப்பு தண்ணிய விட லேசு, அதனால நல்லா தின்ன சீல் மெதுவா எறங்கும், ரொம்ப கொழுத்துட்டா மேலயே கூட மிதந்து வரும், காஞ்சு போனது சடசடன்னு எறங்கிடும். தலையிலயோ முதுகுலயோ ரோமத்து மேல பசை போட்டு ஒட்டுன ஒரு சின்ன கருவி ஆழத்த மட்டும் பதிவு பண்ணுனா போதும், எறங்குற வேகத்த வச்சு இந்த வாரம் இதுக்கு வேட்டை சரியா இல்லன்னு கரையில உக்காந்தே சொல்லிடலாம். அடுத்த தடவ ரோமம் உதிரும்போது கருவியும் சேர்ந்து விழுந்துடும். எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் புடிச்ச விஷயம் இதுதான்.

கெமிஸ்ட்ரி எங்கன்னா மீசையில. சீலோட மீசை முடி வளர வளர அப்போ தின்ன இரையோட கார்பன், நைட்ரஜன் ஐசோடோப் (ஒரே தனிமத்தோட எடை மட்டும் வித்தியாசப்படுற அணுக்கள்) அதுல பதிஞ்சுடும், ஒரு முடிய துண்டு துண்டா வெட்டி மெஷின்ல போட்டா மாசக்கணக்குல என்ன மாதிரி இரை, கரையோரமா நடுக்கடலான்னு ஓரளவு சொல்லலாம். இன்னொன்னும் சொல்லிடறேன், சீலோட சாணிய அள்ளி அலசி அதுல கெடக்குற மீனோட காதுக்கல்ல, அதாவது காதுக்குள்ள இருக்குற சின்னக் கல்ல, பொறுக்கி எடுத்து எந்த மீன்னு பாக்குறதும் இந்த வேலைதான், ஆரம்பத்துல ஸ்டூடன்ட் கையில அதத்தான் கொடுப்பாங்க. இதையும் பாப்பாகிட்ட சொல்லிடுங்க, மூஞ்சிய சுளிக்கிறாளா பாப்போம்.

சரி, கடல் மாறுனா என்ன ஆகும், அவ கேக்குற கேள்வியே அதான? எல்லா சீலும் ஒரே மாதிரி சமாளிக்காது, அதுதான் அந்தக் கேள்வில இருக்குற சுவாரசியம். பசிபிக் கடல் தண்ணி வழக்கத்த விட சூடாகுறத எல் நினோன்னு சொல்வாங்க, அப்படி 1997-98 எல் நினோ வருஷத்துல கலிஃபோர்னியா யானை சீலுங்க பயணத்த நீட்டிச்சும் எடை கம்மியாதான் ஏறுச்சு, ஆனா தாங்கிக்கிச்சு. அதுக்கு முன்னாடி 1982-83ல வந்த எல் நினோல கலாபகோஸ் தீவுல இருக்குற ரோம சீல் குட்டிங்க அந்த வருஷம் பொறந்ததுல கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போச்சு, ஏன்னா அந்தத் தாய் சீல் குட்டிய விட்டு ரொம்ப தூரம் போக முடியாது, பக்கத்துல மீன் இல்லன்னா பால் இல்ல, அவ்ளோதான். அன்டார்டிகால நண்டுதின்னி சீல்னு ஒண்ணு இருக்கு, பேருதான் நண்டு, தின்னுறது முக்கால்வாசிக்கு மேல கிரில்ங்குற இறால் மாதிரி சின்ன உயிரி, பல்லே சல்லடை மாதிரி இருக்கும், கிரில் எடம் மாறுனா இதுவும் பின்னாடியே போயாகணும், வேற வழி இல்ல. ஐரோப்பா பக்கம் வடகடல்ல இருக்குற துறைமுக சீல் இன்னொரு ரகம், காத்தாடி மின்சாரத்துக்காக கடல்ல நட்ட தூண்கள்ல ஒண்ணொண்ணா நேர்க்கோட்டுல போய் போய் வேட்டையாடுனத டேக் (கருவி) ஒட்டிப் பாத்து 2014ல வெளியிட்டாங்க, மேப்புல பாத்தா கட்டம் போட்ட நோட்டு மாதிரி தடம். மனுஷன் நட்டு வச்சதக் கூட வேட்டைக்காடா ஆக்கிக்கிச்சு. எது மாத்திக்கும், எது மாத்திக்க முடியாது, ஏன்? இதுக்குத்தான் உங்க பொண்ணு விடை தேடணும்ங்குறா, சின்னப் புள்ளைத்தனமான கேள்வி இல்லம்மா அது.

இப்போ வேலை. பூசி மெழுகாம சொல்றேன். "சீல் ஆராய்ச்சியாளர்"னு போர்டு போட்ட நிரந்தர வேலை உலகம் பூரா சேத்தாலும் கொஞ்சம்தான், பிஎச்டி வரைக்கும் படிக்கணும், அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் இங்க மூணு வருஷம் அங்கன்னு கான்ட்ராக்ட்லயே ஓடும். ஆனா அந்தப் படிப்புல அவ கத்துக்குறது இருக்கே, பெரிய டேட்டாவ சுத்தம் பண்ணி, ஆர் இல்ல பைத்தான்னு கம்ப்யூட்டர் மொழில மாடல் போட்டு, இது நிஜமான மாற்றமா இல்ல தற்செயலான்னு சொல்றது, அது மீன்வளக் கணக்கெடுப்புக்கு வேணும், கடல்ல காத்தாடி நடுறவங்களுக்கு சுற்றுச்சூழல் ரிப்போர்ட் எழுத வேணும், வானிலைக்கு வேணும், கடலுக்கு சம்பந்தமே இல்லாத டேட்டா வேலைக்கும் வேணும். சீல் கிடைக்காட்டியும் அவ பட்டினி கிடக்க மாட்டா.

டிகிரி எதுல சேக்கன்னு கேட்டிருந்தீங்க. விலங்கியலா பிசிக்ஸா ஸ்டாட்டிஸ்டிக்ஸான்னு அடிச்சுக்க வேண்டாம், எதுல சேந்தாலும் கணக்க மட்டும் விட்டுடக்கூடாது. போன தடவ ஒரு தம்பி டால்ஃபின் டால்ஃபின்னு பறந்தான், மூணாவது செமஸ்டர்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வந்ததும் எனக்கு இது செட் ஆகல சார்னு வந்து நின்னான், அவன் தப்பு இல்ல, முன்னாடியே அவன்கிட்ட யாரும் சொல்லல, நானும் சொல்லல. அதனாலதான் உங்களுக்கு இவ்ளோ நீளமா எழுதுறேன். இன்னொன்னு, காட்டு சீல கிட்டப் போய் தொடவே பர்மிட் வேணும், அமெரிக்கால 1972லேர்ந்தே அதுக்கு தனிச் சட்டம் இருக்கு. வருஷத்துல சில வாரம் குளிர்ல கரையில, மிச்ச மாசமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடிதான்.

அதனால இப்போதைக்கு சரின்னும் சொல்லாதீங்க, வேணாம்னும் சொல்லாதீங்க. மீயாப்னு (MEOP) ஒரு தளம் இருக்கு, தென்கடல் யானை சீல் தலையில ஒட்டுன கருவி அளந்து சாட்டிலைட் வழியா அனுப்புன வெப்பம், உப்பு, ஆழம் எல்லாம் அதுல இலவசமா கிடைக்குது, அஞ்சு லட்சத்துக்கும் மேல அளவுகள், கப்பல் போக முடியாத பனிக்கடல்லேர்ந்தெல்லாம். அதுல ஒரே ஒரு சீலோட டேட்டாவ இறக்கி அது போன பாதையயும், போற வழியில தண்ணி எங்க சூடு எங்க குளிர்னும் படமா வரையச் சொல்லுங்க, ஒரு மாசம் டைம் கொடுங்க. ஃபைல் திறக்காது, எர்ரர் வரும், அழுவா, நீங்க உதவி பண்ண வேண்டாம். ஒரு மாசம் கழிச்சும் ராத்திரி பதினொரு மணிக்கு லைட்ட அணைக்காம அதையே நோண்டிட்டு இருந்தான்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க, எந்தெந்த காலேஜ்னு உக்காந்து பேசலாம். ஒரு வாரத்துல விட்டுட்டாலும் பண்ணுங்க, அப்பவும் பேசலாம், திட்டாதீங்க. படம் வரைஞ்சா எனக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்கம்மா.